சொகுசு கார்: மூன்று கேள்விகள்

பிஎம்டபிள்யூ 3 சீரிஸா, மெர்சிடிஸ் சி கிளாஸா, ஆடி ஏ4-ஆ? வேகத்தில் மூன்றுமே சளைத்தவை அல்ல. வேப்பந்தட்டைக்காரர்கள் கேட்க வேண்டியவை வேறு.

வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்குமா? இவை தாழ்வான கார்கள். ஐந்து பேர் உட்கார்ந்து, உங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

ஸ்டெப்னி உண்டா? ரன்-ஃப்ளாட் டயர் என்றால், காற்று இறங்கினாலும் சுமார் 80 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டலாம். ராத்திரி ஆத்தூர் சாலையில் அதுதான் துணை. ஆனால், மாற்று டயர் உள்ளூரில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு? தமிழகத்தில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள்வரி 20 சதவிகிதம். 50 லட்ச ரூபாய் காருக்கு வரியே 10 லட்சம்!

லீஸில் எடுத்தால் மொத்தப் பணம் வேண்டாம். ஆனால், கிலோமீட்டர் வரம்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.