முட்டிக்கொள்ள ஒரு பாதுகாப்பான இடம்

பெங்களூர் ஈஜிபுராவில் 2017-ல் மேம்பாலம் கட்டத் தொடங்கினார்கள். 2022-ல் ஒப்பந்தம் ரத்தானது. பாதியில் நின்ற தூண்களை ஒட்டி வாகனங்கள் ஊர்ந்தன. சாலையில் நடக்கும் தவறுக்குச் சாலையில் போகிறவர்தான் விலை கொடுக்கிறார். கம்ப்யூட்டர் நெட்வொர்க் அமைப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நிஜக் கேபிளைத் தொடுமுன் ப்ரோகிராமில் முட்டிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச், புதிதாக வந்த தபால்காரரைப் போன்றது. ஒரு தகவல் பொட்டலம் வந்ததும், அனுப்பியவரின் முகவரியையும் அது நுழைந்த வாசலையும் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுபவரின் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்த வாசலுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த வாசல் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பிரதி போகும். வழக்கமாக 300 விநாடி பேச்சில்லாத முகவரி அழிக்கப்படும். இவ்வளவையும் பைத்தான் மொழியில் எழுத இருபது, முப்பது வரிகள் போதும்.

வில்லங்கம் இனிமேல்தான். ப்ரோகிராமில் இரண்டு ஸ்விட்சுகளை உருவாக்கி, இடையே இரண்டு கேபிள்கள் போட்டு, எல்லோருக்குமான ஒரு செய்தியை அனுப்பினால் அது நிற்காமல் சுற்றும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. மூன்றாவது கேபிளைச் சேர்த்தால் பிரதிகள் பெருகும். அனுப்பியவரின் முகவரியோ அட்டவணையில் வாசலுக்கு வாசல் தாவும். இதைத் தடுக்க, உபரிப் பாதைகளை அடைத்துவைக்கும் 'ஸ்பானிங் ட்ரீ' முறையை 1985-ல் உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன்.

ப்ரோகிராமில் சுழல் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனைக்கு அந்த வசதி இல்லை. ஒட்டுப்போட்டு வளர்ந்த அதன் நெட்வொர்க்கில் 2002 நவம்பரில் ஸ்பானிங் ட்ரீ செயலிழந்தது. நான்கு நாட்கள் டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் சுமந்து ஓடினார்கள்.

இன்று ஸ்டான்ஃபோர்டில் உருவான 'மினிநெட்' போன்ற மென்பொருள்கள், பல ஸ்விட்சுகள் கொண்ட நெட்வொர்க்கையே ஒரு லேப்டாப்புக்குள் எழுப்பிக் காட்டுகின்றன. ஈஜிபுராவில் ஒரு அறையில் உட்கார்ந்து பாஸ்டனின் விபத்தை நடத்திப் பார்க்கலாம், ஒரு நோயாளியும் காத்திருக்க வேண்டாம்.

முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது, வினோத் பரத்வாஜ் என்ற இந்தியர் அமெரிக்காவில் நிறுவிய கம்பெனி. 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது. பரத்வாஜ் தன் மனைவியின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்திருந்தார்: கல்பனா. தமிழில் கற்பனை.