மாடிமேல் ஒரு பெரிய வாணலி

உங்கள் தெருவில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் 12 அடி அகலமுள்ள ஒரு கிண்ணம், வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்து நிற்கிறதா? 1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி., ஆசியாசாட்-1 என்ற செயற்கைக் கோள் வழியே ஒளிபரப்பத் தொடங்கிற்று. அதன்பின் ஊர்தோறும் கேபிள்காரர்கள் நிறுத்திய டிஷ் ஆன்டெனாக்களில் ஒன்றாக அது இருக்கலாம். வேலை முடிந்துவிட்டதால் வீட்டுக்காரர் அதை இறக்க நினைப்பார். "என்ன பெரிய பாரம்? நான் ஒருவனே கழற்றிவிடுவேன்" என்று ஒரு ஸ்பேனருடன் மாடியேறுவார். அவரைத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர் கிண்ணத்தின் எடையை மட்டும் பார்க்கிறார். காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். விட்டம் 3.66 மீட்டர், எனவே முகப்பரப்பு ஏறத்தாழ 10.5 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன் அழுத்தம். மொத்தம் 630 நியூட்டன். ஓர் ஆள் அதன்மேல் சாய்ந்து தள்ளுவது போலத்தான்! குழிந்த பக்கம் காற்றைப் பார்த்தால் விசை இன்னும் கூடும். வலையால் ஆனது என்றால் குறையும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் இந்தச் சூத்திரம் படித்தவர்கள் அல்லர்.

நான் படித்தவன், வகுப்பில் நடத்துபவனும்கூட. இருந்தும் ஒருமுறை எங்கள் மாடியில் தனியாக இந்த வேலையில் இறங்கினேன். நான்கு போல்ட்டுகளில் மூன்றைக் கழற்றியபோது ஒரே ஒரு வீச்சுக் காற்று வந்தது. கிண்ணம் அப்படியே சுழன்று என்னைக் கைப்பிடிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போயிற்று. அந்தச் சுவர் இல்லாவிட்டால் இக்கட்டுரையும் இல்லை.

குறைந்தது மூன்று பெரியவர்கள் வேண்டும். காற்று அடங்கிய விடியற்காலை நல்லது. முந்தின நாளே துருப்பிடித்த மரைகளுக்கு எண்ணெய் விட்டு வைக்கலாம். அருகில் மின்கம்பி போகிறதென்றால் மின்வாரியத்தாரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. கிண்ணத்தை மல்லாத்தி, பக்கத்துக்கொன்றாகக் கயிறு கட்ட வேண்டும். அப்போது காற்றுக்குக் காட்டும் முகம் குறைகிறது. குவியத்தில் இருக்கும் பெட்டியை முதலில் எடுக்க வேண்டும். பிறகு இதழ்களை எதிரெதிராக இரண்டிரண்டாகக் கழற்றினால் ஈர்ப்பு மையம் நடுவிலேயே நிற்கும். ஒரே பக்கமாகக் கழற்றிப் போனால் மறுபக்கம் சாயும். வெயில் ஏறுமுன் முடிப்பதும் நல்லதே. பளபளக்கும் தகட்டுக் கிண்ணமானால் உச்சி வெயிலைக் குவித்துத் தோலைச் சுட்டுவிடும். நீங்கள் மேலே ஏறாதீர்கள். கீழேயும் கிண்ணத்துக்கு நேராக நிற்காமல் தள்ளி நின்று பாருங்கள்.

ஆனால் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கழற்றுவதற்கு முன்பே ஒவ்வோர் இதழிலும் பெயிண்டால் எண் எழுதித் தரச் சொல்லுங்கள். அவசரக்காரர்கள் ரம்பத்தால் அறுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நம் பால்வழி மண்டலத்திலுள்ள ஹைட்ரஜன், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு நீண்ட அலைக்குச் சில மில்லிமீட்டர் வலைக்கண் ஓட்டையாகவே தெரியாது. ஒரு சென்டிமீட்டர் நெளிவும் பெரிய குறையல்ல. கானா நாட்டில் குன்டுன்சே என்னுமிடத்தில் பயனற்று நின்ற 32 மீட்டர் தொலைத்தொடர்புக் கிண்ணத்தையே ரேடியோ தொலைநோக்கியாக மாற்றி, 2017-இல் இயக்கிவிட்டார்கள். நம் 12 அடிக் கிண்ணத்துக்கு ஏற்ற அலைவாங்கியும் ஒரு கணிப்பொறியும் போதும். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், தரையோடு தரையாக, அதை மறுபடி பூட்டலாம். தலைமையாசிரியரிடம் இடம் கேட்டுப் பாருங்கள்.