பில்லைத் தவிர வேறு கேள்வியே இல்லையா?

ஸ்மார்ட் மீட்டர் என்று பேச்செடுத்தால் போதும், எல்லாரும் பில்லைப் பற்றியே பேசுகிறார்கள். வேகமாக ஓடுமா, 500 யூனிட்டைத் தாண்டிவிடுமா, 100 யூனிட் இலவசம் நிற்குமா, மீட்டர் காசை யார் தலையில் கட்டுவார்கள்? 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில் ஜனங்கள் போராடியது, ப்ரீபெய்டு பணம் மளமளவென்று கரைகிறது என்றுதான். அதே ஆண்டு டிசம்பரில், அதானி நிறுவனம் குறைந்த விலை கேட்டிருந்த டெண்டரை நம் தமிழ்நாடு மின்வாரியம் ரத்து செய்தபோதும் பேச்செல்லாம் விலையைப் பற்றி. காசு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி என் வீட்டைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்துகொள்ளும், தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்லும் என்று டீக்கடையிலும் சரி, டிவி விவாதத்திலும் சரி, ஒருவர் கேட்டு என் காதில் விழவில்லை.

இப்போது இருக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறவர் வருவார். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு குரல் கொடுப்பார், நாயைக் கட்டச் சொல்வார், எட்டிப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த நாளில் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. புது மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை குறித்துக்கொள்கிறது. அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48, அறுபது நாளைக்கு 2,880 எண்கள். பில் போட ஒன்று போதும். நேரத்துக்கு ஒரு கட்டணம் வந்தாலும், காலை, மாலை, இரவு என்று மூன்று நான்கு கூட்டுத்தொகை இருந்தால் முடிந்தது, அதை மீட்டரே உள்ளுக்குள் கூட்டி வைத்துக்கொள்ளும். மீதி எண்களை எதற்கு வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் குற்றமா?

அந்த எண்களை வரிசையாக அடுக்கினால் ஒரு குடும்பத்தின் நடமாட்டம் வந்துவிடும். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் மோட்டார் ஒரு மேடு. ஆறு மணிக்கு ஹீட்டர் இன்னொரு மேடு, அது இரண்டு முறை வந்தால் இரண்டு பேர், நாலு முறை வந்தால் ஊரிலிருந்து விருந்தாளி. ஒன்பதரைக்கு மேல் ஃபிரிட்ஜ் மட்டும் முனகுகிறது என்றால் வீட்டில் ஆள் இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஏசி ஓடினால் யாரோ லீவு, அல்லது யாருக்கோ வேலை போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு லைட் எரிகிற வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ தூக்கம் வராத கிழவரோ இருக்கிறார். பொங்கலுக்கு முந்தின நாள் கோடு தரையோடு படுத்து, நாலு நாள் எழவே இல்லை என்றால் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஒரு பெரிய மேடு எழும்புகிறதா? மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற அக்காவின் கிரைண்டராக இருக்கலாம். வீட்டு இணைப்பில் வியாபாரமா என்று கேட்க ஒருவர் வருவார்.

என் மனைவியின் அண்ணனிடம் இதைச் சொன்னேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். “மடியில கனம் இருந்தாத்தானே மாப்ள வழியில பயம்?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இதே மச்சான், நாலு நாள் வெளியூர் போனால் ஹால் லைட்டை எரியவிட்டுப் போவார். பேப்பர்காரரிடமும் பால்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி நிறுத்துவார், வாசலில் சேர்ந்தால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமாம். ஏடிஎம்மில் பட்டனை இன்னொரு கையால் மூடிக்கொண்டுதான் அமுக்குவார். திருட்டுப் பணமா வைத்திருக்கிறார்? வீடு வாசல், பெண்டு பிள்ளை என்று இருக்கிறவன் எல்லார் மடியிலும் கனம் உண்டு. இல்லாதவன் சாமியார், அவனுக்கு மீட்டரே கிடையாது.

எனக்கு இதில் மிகவும் உறுத்துகிறது வாடகைக்கு இருப்பவர்களின் பாடு. நம் ஊரில் பெரும்பாலும் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில், கைபேசி எண்ணும் அவருடையது. பில் வந்ததும் அவர் நமக்கு அனுப்புகிறார், நாம் கட்டுகிறோம். சரி. நாளைக்கு அவர் கைபேசியில் அன்றாடக் கணக்கு வரைபடமாக விரியும். மாடியில் குடியிருக்கிற பெண் எத்தனை மணிக்கு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை ஏன் ஹீட்டர் கூடுதலாக ஓடியது, மூன்று பேர் என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் தங்குகிறார்களா என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். இப்போதே மொட்டை மாடியில் காய்கிற துணியை எண்ணிக் கணக்குக் கேட்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிற ஊர் இது. கரண்ட் காசு கட்டுவது ஒருவர், விவரம் போவது இன்னொருவருக்கு. இந்தச் சின்ன விஷயத்துக்கே யாரும் வழி யோசித்ததாகத் தெரியவில்லை. அரசாங்கம் என்ன செய்யும் என்று அதற்கு மேல் எங்கே போய்க் கேட்பது?

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். வாசலில் வருகிற மின்னோட்டத்தை மட்டும் அளந்து, உள்ளே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை எண்பதுகளில் உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜார்ஜ் ஹார்ட். இது வீட்டை வேவு பார்க்கவும் உதவும் என்று 1989-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தவரும் அவரேதான். 2011-ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை எடுத்த மீட்டர் கணக்கிலிருந்து, டிவியில் என்ன படம் ஓடியது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். நம்முடைய அரை மணிக் கணக்கில் அந்த அளவுக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வகை மீட்டரின் மென்பொருளை எங்கிருந்தோ உட்கார்ந்து மாற்றலாம், இடைவெளியைக் குறைக்க யாரும் ஏணி தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை.

இனி சட்டம். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். மானியத்துக்காம். கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி 28 வரை கொண்டுபோனார்கள், நாமும் வரிசையில் நின்று இணைத்தோம். அதாவது இணைப்பு எண்ணுக்குப் பின்னால் யார் என்பது ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. இனிமேல் அந்த ஆள் எப்போது வீட்டில் இருக்கிறார் என்பதும் சேரும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். சந்தோஷம். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, 2023-ல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17-வது பிரிவைப் படித்தால், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிடலாம் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர மேலும் 18 மாதம் அவகாசம். மீட்டர் மாட்டுவதற்கு மட்டும் காத்திருக்கவில்லை, நாடு முழுக்க 25 கோடி என்று 2021-லேயே இலக்கு வைத்துவிட்டார்கள். இதற்கிடையில் ஒரு காவல் நிலைய அதிகாரி விசாரணைக்குத் தேவை என்று எழுத்து மூலம் கேட்டால் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு. நீதிமன்ற வாரண்டு வேண்டியதில்லை. ரீடிங் எடுக்கிறவரின் ஓர் எண்ணைக் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும். 2,880 எண்களையும் அதே மாதிரி தூக்கிக் கொடுத்துவிடுவதா?

வெளிநாட்டிலும் இதுதானே நடக்கிறது என்பார்கள். இல்லை. நெதர்லாந்தில் எல்லார் வீட்டிலும் கட்டாயம் என்று கொண்டுவந்த மசோதா, 2009-ல் அங்கே மேலவையில் தனியுரிமைக் கேள்வியில்தான் சிக்கி நின்றது. அப்புறம் வேண்டாம் என்று சொல்கிற உரிமையைச் சேர்த்துத்தான் சட்டம் போட முடிந்தது. பிரிட்டனில் அரை மணிக்கொருமுறையா, நாளுக்கொருமுறையா, மாதத்துக்கொருமுறையா என்று மின்சாரம் வாங்குகிறவரே சொல்லலாம். சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில் என்று ஓர் ஊர், அங்கே நகராட்சியே மின்சாரம் கொடுக்கிறது, கால் மணிக்கொருமுறை கணக்கு எடுத்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி எடுப்பது வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமம்தான் என்றது. ஆனால் மின் விநியோகத்துக்காக மட்டும் எடுப்பதால் நியாயமான சோதனை என்று நகராட்சி பக்கமே தீர்ப்புச் சொன்னது. இடைவெளி குறைந்தாலோ, போலீசுக்குச் சுலபமாகக் கிடைக்கும்படி ஆனாலோ எங்கள் முடிவு மாறக்கூடும் என்று கூடவே ஒரு கொக்கியையும் போட்டு வைத்தது. தோற்றாலும் இப்படித் தோற்க வேண்டும்.

மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பம் சாய்ந்து கரண்ட் போனால் நாம் போன் போட்டுத் தொண்டை கட்டுவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும், திருட்டு பிடிபடும், மாதாமாதம் பில் என்று 2021 தேர்தலில் கொடுத்த வாக்குறுதியும் இதை நம்பித்தான் இருக்கிறது. சரி, மாட்டட்டும். மாட்டும்போது ஒரு தாள் கொடுக்கட்டும், தமிழில். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள், எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், பராமரிக்கிற தனியார் கம்பெனிக்கு அதில் எவ்வளவு தெரியும், ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போகும்போது அழித்துவிட்டுப் போவார்களா, போலீஸ் கேட்டால் எனக்குச் சொல்வீர்களா, மாடியில் குடியிருக்கிறவர் கணக்கு வீட்டுக்காரர் கைபேசிக்கு ஏன் வருகிறது. அந்தத் தாளின் கடைசியில் மாதத்துக்கு ஓர் எண் போதும் என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட நான் தயார். மச்சானும் போடுவார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.