போன வருஷம் 640... இந்த வருஷமும் 640!

மக்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டுல இருக்கற ரீடிங்ல எத்தனை நீங்களே எடுத்தது? ஃபர்ஸ்ட் இயர்ல நான் எடுத்தது மொத்தம் மூணு. மத்ததெல்லாம் சீனியர் அண்ணன் நோட்டுல இருந்து வந்தது. அவருக்கு அவரோட சீனியர்கிட்ட இருந்து. எங்க காலேஜ்ல டைட்ரேஷன் ரீடிங்கெல்லாம் பரம்பரைச் சொத்து மாதிரி!

காலேஜை விட்டு வெளிய போனா இந்தப் பொழப்பு முடிஞ்சுரும்னுதான் நினைச்சிருந்தேன். போன லீவுல இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனதுல அந்த நினைப்பு போச்சு.

நான் போனது ஒரு சுற்றுச்சூழல் கன்சல்டன்சி ஆபீஸ். பேர் வேண்டாம். ரெண்டு ரூம், நாலு கம்ப்யூட்டர், ஒரு குட்டி லேப். ஒரு உள்ளாட்சிக்கு (அதுக்கும் பேர் வேண்டாம்) வருஷா வருஷம் குப்பைமேட்டைச் சுத்தித் தண்ணியையும் காத்தையும் சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கறது அவங்க வேலை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. வேலை திருப்தியா இருந்தா அடுத்த வருஷத்துக்கும் நீட்டிப்பாங்க. அந்தத் 'திருப்தியா'வைக் கொஞ்சம் அண்டர்லைன் பண்ணி வெச்சுக்கங்க.

குப்பைமேட்டுக்குக் கிழக்கால ஒரு போர்வெல். சாம்பிள் எடுக்க என்னை அனுப்பினாங்க. புத்தகத்துல போட்ட மாதிரியே செஞ்சேன். மோட்டாரை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணியில மூணு தடவை அலசி, குமிழி இல்லாம விளிம்பு வரைக்கும் புடிச்சேன். வந்து சோதிச்சா, கரைஞ்ச உப்போட அளவு, அதான் டிடிஎஸ், லிட்டருக்கு 1,910 மில்லிகிராம். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்றது 500. வேற தண்ணியே இல்லாத ஊர்ல 2,000 வரைக்கும் போனாப் போகுதுன்னு விடலாம். அந்த 2,000க்கு இன்னும் 90தான் பாக்கி!

பெரிய விஞ்ஞானி மாதிரி ஓடிப்போய் சார்கிட்டக் காட்டினேன். "மீட்டர் கேலிபரேஷன் போயிருக்கும் தம்பி, மறுபடி போடுங்க"ன்னார். ஸ்டாண்டர்ட் கரைசல் வெச்சு மீட்டரைச் சரிபார்த்துட்டு மறுபடி போட்டேன். 1,890. "சரி, வெச்சுட்டுப் போங்க." பத்து நாள் கழிச்சு ஃபைனல் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி வந்துச்சு. அந்த போர்வெல்லுக்கு நேரா 640. பழைய ஃபைலைப் பிரிச்சா போன வருஷமும் 640. அதுக்கு முந்தின வருஷமும் 640. நடுவுல ஒரு பருவமழை வந்து போயிருக்கு, ஒரு கோடை போயிருக்கு, குப்பை எத்தனையோ லோடு கூடியிருக்கு. அந்த நம்பர் மட்டும் அசையாம உக்காந்திருந்துச்சு.

சார் என் மூஞ்சியைப் பார்த்தாரு. "ரினியூவல் ஃபைல் அங்க டேபிள்ல இருக்கு தம்பி. இப்பப் போய் இதைக் குடுத்தா..." அதுக்கு மேல சொல்லல. நானும் கேக்கல. மூணு நாள்ல ட்ரெய்னிங் முடிஞ்சு, சீல் வெச்ச சர்டிஃபிகேட்டை வாங்கிட்டு வந்துட்டேன். 'வெரி குட்'னு போட்டிருக்கு. பிளேஸ்மென்ட்ல காட்டணுமே, பத்திரமா லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன்.

அந்த சாரை வில்லனாக்கறது ஈஸி. ஆனா எனக்குத் தெரிஞ்சதையும் சொல்லணும். போன வருஷத்து பில்லுக்குப் பணம் வந்தது ஏழு மாசம் கழிச்சு. டெண்டர்ல ரேட்டைக் குறைச்சுக் குறைச்சுப் போட்டுத்தான் அந்த வேலையே கெடைச்சுது. அந்தக் காசுல நாலு இடத்துல சாம்பிள் எடுக்க வண்டிக்கு டீசல் போட்டாலே கையைக் கடிக்கும். ஆறு பேர் சம்பளம் அந்த ஒப்பந்தத்துல ஓடுது.

சூலூர்ல அப்புச்சி ஊட்டுக்குப் போனப்ப இந்தக் கதையைச் சொன்னேன். கயித்துக் கட்டில்ல உக்காந்து வெத்தலை மடிச்சுட்டே கேட்டாரு.

"அந்த ஆபீசுக்குக் காசு ஆருங் கண்ணு குடுக்கறாங்க?"

"அந்த உள்ளாட்சிதானுங்க அப்புச்சி."

"குப்பையக் கொட்டறது?"

"அதும் அவங்கதானுங்க."

"கண்ணபுரம் சந்தையில தரகன் இருப்பான் பாரு. மாடு விக்கறவன்கிட்டக் காசு வாங்கிப்போட்டு, வாங்க வர்றவனுக்குப் பல்லைப் புடிச்சு வயசு சொல்லுவான். அவங் கண்ணுக்கு எட்டுப் பல்லு மாடும் நாலு பல்லாத்தான் தெரியும். அவனைத் திட்டி என்ன பண்றது சாமி? அடுத்த சந்தைக்கும் அவன் பொழப்புக்கு வரோணுமல்ல?"

நாலு செமஸ்டர்ல எனக்கு யாரும் இதை இவ்வளவு தெளிவா நடத்தல!

இது அந்த ரெண்டு ரூம் ஆபீசோட கதை மட்டும் இல்ல. 2006 செப்டம்பர்ல மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரிய திட்டங்களுக்குப் பாதிப்பு எவ்வளவுன்னு அறிக்கை குடுக்கணும். அதை எழுதற கன்சல்டன்டைத் தேடிப் புடிச்சுக் காசு குடுக்கறது யாரு? திட்டம் போடறவங்களே! கன்சல்டன்டுக்கு அங்கீகாரம் இருக்கணும்னு 2009ல கொண்டுவந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா செக்ல கையெழுத்துப் போடற கை மாறல.

2000-கள்ல ஒரு கூத்து நடந்துச்சு. மகாராஷ்டிராவுல ரத்னகிரி, நம்ம அல்போன்சா மாம்பழ ஊரு. அங்க ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் குடுத்த அறிக்கையில, பறவைங்க வாழற காடுன்னு ஸ்ப்ரூஸ் மரமும் பிர்ச் மரமும் வந்து நின்னுச்சு. அதெல்லாம் பனி பெய்யற தேசத்து மரங்க பாஸ்! எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்டினா, ரஷ்யாவுல ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதின அறிக்கையிலிருந்து அப்படியே ஜெராக்ஸ். நாமளாவது காப்பி அடிக்கறப்ப ரோல் நம்பரை மாத்துவோம்.

சிரிச்சாச்சா? இனி சொல்லப்போறதுல சிரிக்க ஒண்ணும் இல்ல.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்குல, ஆலையை ஆய்வு செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் நாக்பூர்ல இருக்கற நீரி நிறுவனத்தைக் கேட்டுச்சு. மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனம் அது. 1998 நவம்பர்ல அவங்க குடுத்த அறிக்கை காரசாரம். மன்னார் வளைகுடாத் தீவுகள்ல இருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கணும்னு நிபந்தனை, ஆலை அதுக்குள்ள இருக்குன்னு எழுதினாங்க. ஆலையை மூடச் சொல்லி உத்தரவாச்சு. கொஞ்ச நாள்லயே திறக்க அனுமதி, மறு ஆய்வு. 1999ல அதே நீரியோட அடுத்த அறிக்கை ஆலைக்குச் சாதகமா வந்துச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அந்த ஆலையில இருந்து நீரிக்குக் காசு வாங்கற ஆய்வு வேலைகள் போச்சு, இப்படி இருந்தா எப்படி நடுநிலையா இருக்க முடியும்னு போராடினவங்க கேட்டாங்க. காசு வாங்கினதாலதான் அறிக்கை மாறிச்சுன்னு நான் சொல்ல வரல. அது எனக்குத் தெரியாத விஷயம். ஆனா அந்தச் சந்தேகம் ஒரு தடவை ஊருக்குள்ள வந்துட்டா, அடுத்து வர்ற எந்த நம்பரையும் யாரும் நம்ப மாட்டாங்க. 'காத்து சரியா இருக்கு'ன்னு சொன்னா சிரிப்பாங்க. அப்புறம் 2018 மே 22 வந்துச்சு. போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்துப்போனாங்க. அதே மாசம் 28ம் தேதி ஆலையை மூட அரசு உத்தரவு போட்டுச்சு. திறக்கச் சொல்லிக் கம்பெனி போட்ட மனுவை 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தள்ளிருச்சு.

ஆலைக்கு இப்படின்னா, ஒரு நகரமே கன்சல்டன்ட் வெச்சா? அமெரிக்காவுல ஃப்ளின்ட்னு ஒரு ஊர். 2014 ஏப்ரல்ல செலவை மிச்சம் புடிக்கக் குடிதண்ணியை ஆத்துக்கு மாத்தினாங்க. தண்ணி பழுப்பா வருதுன்னு ஜனங்க பாட்டில்ல புடிச்சுட்டு வந்து காட்டினாங்க. 2015ல நகர நிர்வாகம் வியோலியாங்கற பெரிய கம்பெனியை 40,000 டாலருக்கு ஆலோசனைக்கு வெச்சுது. 'தண்ணி விதிமுறைக்கு உட்பட்டுத்தான் இருக்கு'ன்னு அவங்க சொன்னாங்க. ஈயத்தைப் பார்க்கறது எங்களுக்குக் குடுத்த வேலையில இல்லைங்கறது கம்பெனியோட வாதம். கடைசியில ஈயத்தை வெளிய கொண்டுவந்தது யார் தெரியுமா? வர்ஜீனியா டெக்ல ஒரு புரொஃபசரும் அவரோட ஸ்டூடன்ட்ஸும்! சுமார் 300 பாட்டில் கிட் அனுப்பி, ஜனங்களையே அவங்கவங்க வீட்டுக் குழாயில தண்ணி புடிக்கச் சொல்லி வாங்கிச் சோதிச்சாங்க. 2015 அக்டோபர்ல பழைய தண்ணிக்கே நகரம் திரும்புச்சு. பத்து வருஷம் கழிச்சு, 2025ல, பொறுப்பை ஏத்துக்காமலே 5.3 கோடி டாலர் குடுத்து வழக்கை முடிச்சுக்க வியோலியா சம்மதிச்சுது.

அந்த 300 பாட்டிலைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சுது. சூலூர்ல பஸ் ஏறினா ரெண்டு பக்கமும் எத்தனை இன்ஜினீயரிங் காலேஜ் போர்டு! எல்லாத்துலயும் ஒரு என்விரான்மென்ட் லேப் இருக்கு. அதுல பாதி நாள் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தாத்தான் தூசி தட்டறாங்க. ஒப்பந்தத்தை நீட்டிக்கறதுக்கு முன்னாடி, அதே போர்வெல்ல அதே நாள்ல எடுத்த இன்னொரு பாட்டிலை எந்த ஊருதுன்னு சொல்லாம ஒரு காலேஜ் லேபுக்குக் குடுத்தா என்ன செலவாகும்? ரெண்டு நம்பரும் ஒத்துப்போனா நீட்டிங்க, தாராளமா. பில்லையும் நேரத்துக்குக் குடுங்க. ஒத்துப்போகலைன்னா ஏன்னு கேளுங்க. வெள்ளலூர் குப்பைக்கிடங்கு 2024 ஏப்ரல்ல நாள் கணக்கா எரிஞ்சு புகைஞ்சப்ப போத்தனூர்ப் பக்கம் ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருந்தவங்களுக்கு, பக்கத்து போர்வெல் நம்பர் என்னன்னு தெரிஞ்சுக்கற உரிமை இல்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005ல வந்தாச்சு. பத்து ரூபா ஸ்டாம்ப், முப்பது நாள். கடைசி மூணு வருஷத்து ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி மேஜையில வரிசையா வெச்சுப் பாருங்க. நம்பர் அசையுதான்னு பார்க்க பி.இ. படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

பேசறது ஈஸி. லேமினேட் பண்ணின சர்டிஃபிகேட் என்னைப் பார்த்துட்டே இருந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடி ஃப்ரெண்டு பைக்ல அந்த போர்வெல்லுக்குப் போனேன். காலேஜ் லேப்ல கேட்டு வாங்கின மீட்டரோட. 1,940.

பக்கத்து வீட்டு அக்கா குடத்தோட வந்தாங்க. ட்ரெய்னிங்ல நடந்ததை, நான் வாயை மூடிட்டு வந்தது உட்பட, தலையைக் குனிஞ்சுட்டே சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"எங்களுக்குத் தெரியுமுங்க தம்பி. ரெண்டு வருஷமா இந்தத் தண்ணியில பருப்பு வேகறதே இல்லீங்களே. ஆபீசுல போய்ச் சொன்னா, ரிப்போர்ட்டுல நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க."

கொஞ்ச நேரம் என் கையில இருந்த மீட்டரையே பார்த்தாங்க.

"நீங்க பார்த்ததைக் காகிதத்துல எழுதிக் குடுங்க தம்பி. உங்க பேரையும் போடுங்க."

நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிச்சேன். தேதி, நேரம், மூணு ரீடிங், பேர், காலேஜ், இயர் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். சீல்தான் இல்ல.