நூறு விழுக்காட்டில் காணாமல் போகும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நூறு விழுக்காடு காட்டிய தலைமை ஆசிரியருக்குப் பொன்னாடை. குறைந்துபோனவருக்கு ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேள்வி. தலைமை ஆசிரியரை அளக்கும் இந்தக் கோல் அவரோடு நிற்பதில்லை. ஆசிரியர் மேல் இறங்கி, கடைசியில் பிள்ளைகள் முதுகில் விழுகிறது.

வடக்கனந்தலைச் சுற்றியுள்ள சேரிகளிலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் வேலை செய்யும் எங்களுக்கு இது பழகிய கதை. பெற்றோர் வெளிமாநிலத்துக்குக் கூலிக்குப் போகும்போது பிள்ளையும் கூடப் போகிறது. திரும்பி வரும்போது பாடம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளையோடு உட்கார ஆசிரியருக்கு மனம் இருந்தாலும், “முப்பது மார்க்கில் நிற்பவனை முப்பத்தைந்துக்குத் தள்ளுங்கள்” என்பதே மேலிருந்து வரும் உத்தரவு. ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து, “டி.சி. வாங்கிக்கோங்க, தனித்தேர்வா எழுதட்டும்” என்று அனுப்பிவிட்டால் விழுக்காடு தப்பிக்கும். அப்படி அனுப்பப்படுவது பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று நாம் கேட்கத் தேவையில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில், இலக்கை எட்டாத பள்ளித் தலைவரின் வேலைக்கே ஆபத்து என்ற நிலை இருந்தது. 2009 தேர்வில் 44 பள்ளிகளில் மோசடி நடந்ததையும், அதில் 178 பேருக்குப் பங்கு இருந்ததையும் 2011-இல் மாநில விசாரணை வெளிப்படுத்தியது. அவர்களில் 38 பேர் பள்ளித் தலைவர்கள். விடைத்தாளைத் திருத்தியதால் மதிப்பெண் ஏறியது. உதவி தேவைப்பட்ட பிள்ளைக்கு ‘உதவி வேண்டாம்’ என்று ஆனது.

விழுக்காடு சொல்லாதது இன்னொன்றும் உண்டு. 2022-இல் பெருந்துறை அருகே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமை ஆசிரியர் கைதானார். எந்தத் தேர்ச்சிப் பட்டியலில் இது தெரியும்?

அப்படியென்றால் மதிப்பீடே வேண்டாமா? வேண்டும். மலைக்கு வராத ஆசிரியரையும், அதைக் கண்டுகொள்ளாத தலைமை ஆசிரியரையும் யாராவது கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேள்வி மாற வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? போனவர்கள் எங்கே? பள்ளியில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது? பின்தங்கிய பிள்ளைக்கு நேரம் கொடுத்த ஆசிரியரைத் தலைமை ஆசிரியர் காப்பாற்றினாரா?

பதில் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பதும் சட்டமே. தலைமை ஆசிரியரின் மதிப்பீட்டில் இந்தக் குழுவின் குரல் ஏற வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்புச் சேர்க்கையையும், ஐந்தாம் ஆண்டு முடிவில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எண்ணிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் விடுபட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களின் அம்மாக்களை அழைத்துப் போங்கள்.