கைத்தாங்கியின் கிழிந்த உறையும் ஆய்வுலகின் கிழியாத சொற்களும்

மும்பையில் பத்தாண்டு ஓடிய ஒரு காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது கைத்தாங்கியின் தேய்ந்த உறை. முழங்கை நாள்தோறும் ஊன்றும் இடம் அது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வெயிலும் ஒருங்கே தாக்கும் இடமும் அதுவே. உறை பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலாக இருந்தால், கடலோரக் காற்றின் ஈரப்பதம் அப்பூச்சை மெல்ல மெல்லப் பிளந்து செதில்களாக உரிக்கும். பி.வி.சி. பூசிய ரெக்சினாக இருந்தால், அதனை மென்மையாக வைத்திருந்த நெகிழ்விப்பான் வெளியேறி, உறை விறைத்து வெடிக்கும். இரண்டிலும் அடியிலுள்ள ஃபோம் வெளியே தெரியத் தொடங்கும். காரின் பிற பாகங்கள் இன்னும் பல்லாண்டு உழைக்கும் நிலையில் இருக்கும். பழுதானது இரண்டு சாண் நீளத்துணி மட்டுமே.

இச்சிறு பழுதுக்குப் பல கார்களில் கிடைக்கும் அதிகாரபூர்வத் தீர்வு, கதவின் உட்பலகை முழுவதையும் மாற்றுவது. கைத்தாங்கி அப்பலகையோடு சூட்டில் உருக்கி இணைக்கப்பட்டிருப்பதால் அதற்கெனத் தனிப் பாக எண் இருப்பதில்லை. பாக எண் இல்லாத பொருள், நிறுவனத்தின் கணக்கில் பழுதுபார்க்கத்தக்க பொருளே அன்று. இந்தப் போக்கின் விரிந்த வடிவத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் வழங்கிய ஆணையில் காணலாம். உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் சுதந்திரப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தமைக்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது அந்த ஆணை. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்து, அது கவனிக்க வேண்டிய நான்கு துறைகளுள் வாகனத் துறையையும் சேர்த்தது. ஆக, பழுதுபார்த்தல் ஓர் உரிமை என்பதை அரசே ஏற்கும் காலம் வந்துவிட்டது. அது ஓர் அறிவு என்பதை ஏற்கும் காலம் மட்டும் பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் வரவில்லை.

தாராவியிலும் குர்லா சி.எஸ்.டி. சாலையிலும் செம்பூரின் பட்டறைகளிலும் அதே கைத்தாங்கிக்கு வேறொரு தீர்வு உண்டு. கதவின் உட்பலகைக்குப் பட்டறையில் 'டோர் பேட்' என்று பெயர். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, விளிம்பிலுள்ள கிளிப்புகளை உடையாமல் நெம்பி, கண்ணாடி விசையின் மின்னிணைப்பைப் பிரித்து, டோர் பேட் வெளியே எடுக்கப்படும். பழைய உறை கிழித்து எறியப்படுவதில்லை. தையல் தையலாகப் பிரிக்கப்பட்டு, தட்டையாக விரிக்கப்பட்டு, அதுவே ஃபர்மாவாகப் பயன்படும். ஆனால் பல்லாண்டு இழுபட்டு நீண்ட துணியை அப்படியே வரைந்தால் புதிய உறை தொளதொளக்கும். எங்கே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் கணித்து, அந்த அளவைக் குறைத்து வரைய வேண்டும். பிறகு தையலுக்கான ஓரம் விட வேண்டும். உட்குழிந்த வளைவில் ஓரத்தைச் சிறு சிறு வெட்டுகளாகப் பிளக்க வேண்டும். இல்லையேல் திரும்பும் இடத்தில் சுருக்கம் விழும். புறம் குவிந்த வளைவில் மிகுதியைக் கழிக்க வேண்டும். இல்லையேல் முடிச்சு எழும். சொலூஷனை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் கணம்வரை காத்திருந்து பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் நழுவும்; தாமதித்தால் பிடிக்காது. சூட்டுக்காற்றில் ரெக்சினை இளக்கி இழுக்கும்போது, அதன் மேலுள்ள தோல்வரி சிதையாத எல்லையில் கை நிற்க வேண்டும்.

முப்பரிமாண வளைபரப்பு ஒன்றைத் தட்டையான துணியால் சுருக்கமின்றி மூடுவது வடிவியலில் அவ்வளவு எளிய வினா அன்று. உருண்டையான புவியைத் தட்டையான படத்தில் விரிக்க முயன்ற நிலப்பட வல்லுநர்கள் எதிர்கொண்ட சிக்கலின் உறவினம் அது. பட்டறையில் அதற்கு நாள்தோறும் விடை காணப்படுகிறது. அந்த விடையை ஆய்வுலகம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

மூன்று பெயர்கள் கைவசம் உள்ளன. முதலாவது 'முறைசாரா'. 1970களின் தொடக்கத்தில் மானுடவியலாளர் கீத் ஹார்ட், கானாவின் அக்ரா நகரத்து ஏழைகளின் வருவாய் வழிகளை விளக்க இச்சொல்லைக் கையாண்டார். 1972இல் கென்யா குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை அதனை உலகெங்கும் பரப்பியது. வேலையற்றோர் என்று கணக்கிடப்பட்டவர்கள் உண்மையில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுவதே அச்சொல்லின் தொடக்கநிலை நோக்கம். பதிவு, வரி, ஒப்பந்தம் ஆகியவை இல்லாத வேலையுறவைக் குறிக்க அது இன்றும் பயன்படும். ஆனால் ஆய்வேடுகளில் நிகழ்வது வேறு. வேலையுறவுக்குரிய அடைமொழி சத்தமின்றி வேலையின் மேல் ஏறி, பிறகு வேலை செய்பவரின் அறிவின் மேலும் ஏறிவிடுகிறது. 'முறைசாராத் தொழிலாளி' என்னும் தொடரைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மாணவர், அத்தொழிலில் முறையே இல்லை என்று எண்ணத் தொடங்குகிறார். மேலே சொன்ன கைத்தாங்கி வேலையில் முறை இல்லாத படி எது? ஒன்று பிசகினால் உறை ஆறு மாதத்தில் உரிந்து வரும். தாளில் எழுதப்படாமையை முறையின்மை என்று கொள்வது ஆய்வாளரின் பிழையே தவிர, தைப்பவரின் குறை அன்று.

இரண்டாவது பெயர் 'ஜுகாட்'. 2012இல் இதே சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்த மேலாண்மை நூல் ஒன்று இதனை உலக வணிகப் பள்ளிகளுக்கு அறிமுகம் செய்தது. இகழ்ச்சியாய் இருந்த சொல் புகழ்ச்சி ஆயிற்று என்று பலர் மகிழ்ந்தனர். அந்தப் புகழ்ச்சியிலும் ஓர் இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. ஜுகாட் என்பது அந்த நேரத்து ஒப்பேற்றல். கற்றுக்கொள்ளவோ கற்பிக்கவோ படாத திடீர்த் தந்திரம். ஒருவர் பன்னிரண்டு வயதில் பட்டறையில் நுழைந்து, முதலில் துண்டுகளைக் கூட்டி, பிறகு பிரித்து, பிறகு ஒட்டி, பல ஆண்டுகளுக்குப் பின்னரே கத்தரிக்கோலைத் தொட அனுமதி பெற்றிருந்தால், அங்கே இருப்பது ஒரு பாடத்திட்டம். அறுவை மருத்துவர் இறுதி நேரத்தில் வழிமாற்றி உயிரைக் காத்தால் அதனை ஜுகாட் என்று எவரும் எழுதுவதில்லை. அங்கே அது அனுபவம் எனப்படும்.

மூன்றாவது பெயர் 'குறைதிறன்'. இதில் அரசின் ஆவணங்களே தடுமாறுகின்றன. 2015ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் இருக்கை உறை அமைப்போர் கைவினைத் தொழிலாளர் பிரிவில் இடம்பெறுகின்றனர். அடிநிலைத் தொழில்களுக்கான பிரிவு வேறு. எனினும் அவ்வகைப்பாடு திறன் நிலைகளை முறைசார் கல்வியின் ஆண்டுக் கணக்கோடு இணைத்தே அடுக்குகிறது. பள்ளியில் கழித்த ஆண்டுகளால் கையின் திறனை அளப்பது, படியால் நீளத்தை அளப்பது போன்றது. அந்த அளவையைக் கேள்வியின்றிக் களத்திற்கு எடுத்துச் சென்று, வினாத்தாளில் 'கல்வித் தகுதி: ஐந்தாம் வகுப்பு' என்று நிரப்பி, அட்டவணையில் 'குறைதிறன்' என்று முடிக்கும் ஆய்வுகளுக்கு முனைவர் பட்டம் கிடைக்கிறது.

இம்மூன்று சொற்களுக்கும் பின்னால் பழைய படிநிலை ஒன்று உண்டு. தமிழ் மாணவர்களுக்கு அது தெரியாததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலாகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குச் சென்ற தமிழரில் பலர், முஸ்லிம்களும் ஆதிதிராவிடருமாக, தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். ஊரில் தீட்டெனப்பட்ட வேலை, நகரில் வருவாய் ஆயிற்று. ஆனால் அறிவு ஆகவில்லை. அதே காலத்தையொட்டி எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் சென்ற தமிழர் மாட்டுங்காவில் குடியேறினர். இரு குடியேற்றங்களுக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவுதான். தாராவிக்குள்ளேயே ஒரு பகுதிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர் உண்டு. மராத்தித் தலித் எழுத்தாளர் பாபுராவ் பாகுல் வாழ்ந்த இடம் அது. பெயரை இரவல் தந்த மாட்டுங்கா மதிப்பை இரவல் தரவில்லை. பேனா பிடிக்கும் கை அறிவுடையது, ஊசி பிடிக்கும் கை பழக்கமுடையது என்னும் பாகுபாடு சாதியின் பாகுபாடு. 'முறைசாரா' என்ற நவீனச் சொல் அதற்குப் புதிய உறை தைத்துக் கொடுத்திருக்கிறது.

எதிர்வாதங்களைப் புறக்கணிப்பது நேர்மையன்று. பட்டறையைப் புனிதப்படுத்துவது உழைப்புச் சுரண்டலை மறைக்கும் என்பது ஒன்று. உண்மைதான். காற்றோட்டமில்லாத அறையில் டொலுவீன் போன்ற கரைப்பான் கலந்த பசையை நாள் முழுதும் முகர்வது நரம்பைப் பாதிக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இருக்க வேண்டிய இடம் பள்ளி. ஆனால் இக்கொடுமைகளைச் சொல்ல அந்த வேலையை அறிவற்றதாக ஆக்கத் தேவையில்லை. திறனுள்ளவர் என்று ஏற்கப்பட்டவருக்கே திறனுக்குரிய கூலியைக் கேட்க வாய் வரும். மற்றொன்று, நவீனக் கார்களில் வெளியார் கைவைப்பது ஆபத்து என்பது. இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில் அதனை மூடித் தைக்கும் உறை, விபத்தின்போது காற்றுப்பை விரிவதைத் தடுக்கக்கூடும். அந்த எச்சரிக்கை நியாயமானது. எந்தக் காரில் எங்கே காற்றுப்பை உள்ளது, எந்தத் தையல் பிரிய வேண்டியது என்ற தகவலைப் பட்டறைகளுக்குத் தருவதே அதற்குத் தீர்வு. தகவலைப் பூட்டி வைத்துவிட்டு, தகவல் தெரியாதவர் என்று பழிப்பது தீர்வாகாது.

சொற்களைப் பற்றிய இத்தகராறு சொற்களோடு நிற்பதாக இருந்தால் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீட்டுத் திட்டம். தாராவியில் தையல் பொறிகள் பெரும்பாலும் ஏணி வைத்து ஏறும் மேல்தளங்களிலேயே ஓடுகின்றன. ரெக்சின் கடையும் ஃபோம் கடையும் நூல் கடையும் நடை தூரத்தில் இருப்பதால்தான் ஒற்றைக் கைத்தாங்கிக்கு உறை தைப்பதும் கட்டுப்படியாகிறது. அந்த அண்மையைக் கலைத்தால் தொழில் கலையும். கணக்கெடுப்பு என்பது எதை எண்ணுவது என்ற முடிவு. 'முறைசாரா, குறைதிறன்' என்று ஆய்வேடுகள் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்ட ஒன்றை, எண்ணத் தேவையில்லாதது என்று திட்ட வரைவாளர் கருதினால், அவரை மட்டும் குறைகூற இயலாது. அவருடைய அகராதி பல்கலைக்கழகத்தில் அச்சானது.

2023 அக்டோபர் 30 அன்று மும்பையின் சாலைகளிலிருந்து பிரீமியர் பத்மினி டாக்சிகள் விடைபெற்றன. கடைசி வண்டி 2003இல் பதிவானது. டாக்சிக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வரம்பு முடிந்தது. கறுப்பு மஞ்சள் நிறத்துக்கும் குர்லாவில் இருந்த தொழிற்சாலைக்கும் உருக்கமான நினைவுரைகள் எழுதப்பட்டன. உற்பத்தி நின்ற பிறகும் அந்த வண்டிகள் இருபதாண்டுக்கு மேல் பயணிகள் அமரத்தக்கவையாக இருந்தமைக்கு நிறுவனம் காரணமன்று. இருக்கையையும் கூரைத் துணியையும் கதவின் உறையையும் மீண்டும் மீண்டும் மாற்றிய கைகளே காரணம். எத்தனை ஆய்வேடுகளில் அந்தக் கைகளின் சொற்கள் பதிவாகியுள்ளன?

இனித் தாராவிக்குச் செல்லும் ஆய்வு மாணவர் செய்யத்தக்கவை அரியவை அல்ல. ஃபர்மா, டோர் பேட், சொலூஷன், பைப்பிங் ஆகிய சொற்களைக் கொச்சை என்று ஒதுக்காமல், பொருளும் பயன்பாடும் சேர்த்துக் கலைச்சொற்களாகப் பதிய வேண்டும். தமிழும் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கலந்து ஒரு தொழில்மொழி உருவான விதம் எந்த மொழியியல் துறைக்கும் பெருமை தரும் ஆய்வுப்பொருள். நேர்காணலுக்காகப் பொறியை நிறுத்தும் ஒவ்வொரு மணிக்கும் கூலி தர வேண்டும். 'முறைசாரா' என்று எழுதும் இடந்தோறும் அது ஒப்பந்தத்தைக் குறிக்கிறதா, அறிவைக் குறிக்கிறதா என்று கேட்டு, இரண்டாவதானால் அடித்துவிட வேண்டும். ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, தகவல் தந்தவரின் பட்டறையில் படித்துக் காட்ட வேண்டும். அவர் இடைமறித்து, சொலூஷன் காயும் நேரம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்றால், ஆய்வேட்டைத் திருத்த வேண்டும்.