மார்கழி விடுமுறையும் மதகுத் தண்ணீரும்

கேள்வி: மகன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஆண்டுக் கடைசி விடுமுறையில் இரண்டு நாள் தனியாக, சத்தமில்லாத கிராமத்தில் இருக்க வேண்டும் என்கிறான். சொந்த நிலம் வீட்டுமனையாகிவிட்டது. பக்கத்தில் எங்கே அனுப்பலாம்?
– வாசகர், முடிச்சூர்

கேள்வி: வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் சம்பா. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்கிறது. யூரியாவைக் குறைக்கலாமா? விடுமுறைக் கூட்டத்தால் கெடுதல் உண்டா?
– விவசாயி, மதுராந்தகம் வட்டம்

பதில்: இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஏரியில் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து வேடந்தாங்கல் சுமார் 60 கிலோமீட்டர். மின்சார ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் நிறைந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைந்துவிடும். எனவே ஏரி நிலவரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. வனத்துறை விடுதியில் தங்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

பொழுது விடியும் நேரமும், மாலை 4 மணிக்கு மேலும்தான் பார்க்க ஏற்ற வேளை. இரை தேடிப்போன நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு திரும்பும். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்கும். தனியாக வருகிறவருக்கு வசதி ஒன்று உண்டு. பேச்சுத் துணை இல்லாததால் கண்ணும் காதும் ஏரியிலேயே இருக்கும்.

இந்த அமைதி தானாக வந்ததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரியைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. காரணம் இரக்கம் மட்டுமல்ல, வயலும்தான். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கரைந்த தண்ணீர் மதகு வழியே நெல்லுக்குப் போகிறது. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. கொக்கும் மடையானும் பூச்சிகளைப் பொறுக்குகின்றன.

ஆகவே மதுராந்தகம் விவசாயி யூரியாவைக் குறைக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மதகடி வயலுக்குக் கிடைக்கும் சத்து கடைமடைக்கும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நட்ட 14-ம் நாளிலிருந்து கதிர் வரும்வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை இலை வண்ண அட்டையால் பாருங்கள். பத்துக் குத்துகளில், முழுதாக விரிந்த இளம் இலையை உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அந்த ரகத்துக்குரிய நிறத்தைவிட வெளுத்திருந்தால் மட்டும் மேலுரம் இடலாம். பயிர் கருகருவென்று இருக்கும்போது யூரியா போட்டால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகும், பயிரும் சாய்ந்துபோகும். நத்தைக்கும் பூச்சிக்கும் கடும் விஷம் அடித்தால் அது பறவைக்கும் போய்ச் சேரும்.

கூட்டத்தால் கெடுதல் உண்டா என்றால், சத்தத்தால் உண்டு. மிரண்ட தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். ஆண்டுதோறும் இப்படி நடந்தால் பறவை வேறு ஏரி தேடிப் போகும். அதோடு வயலுக்கு வரும் உரமும் போகும்.

முடிச்சூர் வாசகர் மகனிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை சில. பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். செல்போன் ஒலியை அணைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கேட்காமல் வயலில் இறங்கக் கூடாது. கதிர் முற்றும் காலத்தில் வரப்பில் எலி இருக்கும், எலிக்காகக் கண்ணாடி விரியனும் வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், பீர்க்கன்காரணை ஏரிகளும் ஒரு காலத்தில் பாசன ஏரிகள்தான். ஆயக்கட்டு வீட்டுமனையானதும் மதகைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் நல்லதுதான். ஆனால் ஏரியைத் தினமும் எட்டிப் பார்ப்பவர் அதன் தண்ணீரில் பயிர் செய்கிறவர். அவர் நிலைத்தால்தான் நகரத்துப் பிள்ளைக்கு மார்கழியில் போய் உட்கார ஒரு கரை மிஞ்சும்.